ரஷீதா லாத்தாவின் மணல் பானை

செய்தி வந்தபோது காலை இடைவேளை முடிந்து மூன்றாவது பீரியட் தொடங்கியிருந்தது. அரியலூரில் நான் வேலை பார்த்த பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு அமிலமும் காரமும் நடத்திக்கொண்டிருந்தேன். ஆயா காத்தாயி வாசலில் வந்து நின்று, ஆபீசில் எனக்குப் போன் என்றார். வகுப்பு நேரத்தில் என்னை யாரும் போனில் கூப்பிட்டதில்லை. சாக்பீஸைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் போனேன்.

பேசியது சஃப்வான். லப்பைக்குடிக்காட்டில் என் மாமியார் வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பவன், என் கணவரின் சித்தப்பா மகன். "மச்சி, பெரிய மச்சி மௌத்தாயிட்டாங்க. ஒடனே கெளம்பி வாங்க" என்றான். பின்னால் பெண்கள் அழுவது கேட்டது. எப்படி என்று நான் கேட்பதற்குள் லைன் போய்விட்டது.

பெரிய மச்சி என்று அவன் சொன்னது ரஷீதாவை. என் கணவர் அத்னானின் அண்ணன் ஹுமாயூனின் மனைவி. எனக்கு ஓரகத்தி. அக்கா முறையில் நான் லாத்தா என்று கூப்பிடுவேன்.

ஆபீஸ் போனிலிருந்து திரும்பக் கூப்பிட்டேன். என்கேஜ்டு. மறுபடியும் அதேதான். சிமெண்ட் பேக்டரி ஸ்டோரில் வேலை செய்யும் என் கணவருக்கு விஷயத்தைச் சொன்னேன். லீவு சொல்லிவிட்டுப் பின்னாலேயே வருவதாகச் சொன்னார். தெருமுனை எஸ்.டி.டி. பூத்திலும் ஒருமுறை முயன்றேன். வாய் துஆவை முணுமுணுத்துக்கொண்டிருந்தது. மனதில் ஒரே கேள்விதான் இருந்தது. கேஸா?

ரஷீதா லாத்தாவுக்கு வாசனை தெரியாது. ஒன்றரை வருடத்துக்கு மேலாக அவள் மூக்குக்கு மல்லிகைப்பூவும் ஒன்றுதான், தீய்ந்த பாலும் ஒன்றுதான். சிலிண்டரில் கேஸ் கசிந்து வீடு முழுக்க நிறைந்தாலும் அவளுக்குத் தெரியப்போவதில்லை. அப்படிப்பட்டவள் வாரத்தில் பாதி நாள் கேஸ் அடுப்பில் கேக் செய்துகொண்டிருந்தாள். இந்த விஷயம் வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது. அவள் கணவருக்கும் தெரியாது.

பெரம்பலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. முன்னால் சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. பஸ் அவற்றைத் தாண்ட முடியாமல் ஊர்ந்தது. டிரைவரிடம் எழுந்து போய்ச் சொல்லலாமா என்று இருந்தது. என்ன சொல்வது? செத்தவர் வீட்டுக்குப் போகிறேன், எப்படிச் செத்தார் என்று தெரியவில்லை, கொஞ்சம் வேகமாகப் போங்கள் என்றா?

நான் அந்த வீட்டுக்கு மருமகளாகப் போனது 1998இல். லாத்தா எனக்கு மூன்று வருடம் முன்னால் வந்தவள். ஹுமாயூன் மச்சான் ஷார்ஜாவில் இருந்தார். அத்னானும் கல்யாணமான இரண்டாவது மாதம் அங்கேயே போய்விட்டார். வீட்டில் மாமியும் நாங்கள் இரண்டு பேரும்தான். லாத்தாவுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி எங்கள் வீட்டுக்குள் யாரும் பேசியதில்லை. வெளியில்தான் பேசினார்கள்.

கேக் அவளுக்குத் தற்செயலாக வந்தது. மச்சான் ஒரு லீவில் வந்தபோது வட்டமான கேக் டின் ஒன்றும், ஒரு வெனிலா எசென்ஸ் பாட்டிலும் கொண்டுவந்தார். அங்கே ஒரு கடையில் சாப்பிடும் கேக்கைப் பற்றி மூன்று வேளையும் பேசினார். ஓவன் இல்லாமல் அதைச் செய்ய முடியாது என்றும் அவரே சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். பிறகு ஒருநாள் லாத்தா பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு அம்மா சூட்டு மணலில் கடலை வறுப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பஸ் வந்தும் ஏறவில்லை. கடலை எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வறுபடுகிறதே, மணல்தானே காரணம் என்று என்னிடம் கேட்டாள். ஆமாம் என்றேன்.

வெள்ளாறு எங்கள் ஊரை ஒட்டித்தான் ஓடுகிறது. ஆற்று மணலுக்குப் பஞ்சமில்லை. அடி கனமான அலுமினியப் பானையில் கால் பங்குக்கு மணலைப் போட்டு, அதன்மேல் இரும்பு வளையம் வைத்து, அதில் மாவு ஊற்றிய டின்னை வைத்தாள். தட்டால் மூடி, ஆவி போகாமல் மேலே அம்மிக் குழவியைத் தூக்கி வைத்தாள். அது ஐப்பசி மாதம். மணலை மேலாக வெயிலில் காட்டியிருந்தாளே தவிர, அது உள்ளே ஈரமாகவே இருந்திருக்கிறது. சூடேறியதும் மணலிலிருந்து நீராவி கிளம்பிப் பானை முழுக்கச் சுற்றியிருக்கிறது. திறந்தபோது கேக் வெள்ளையாக, நசநசவென்று இருந்தது. மாமி ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டார்.

"இதுக்குப் பேரு கேக்கா? தேங்காப்பூவும் சீனியும் போடு. புட்டுன்னு சொல்லித் தின்னுருவோம்."

அப்படியே போட்டுத்தான் தின்றோம். அடுத்த முறை லாத்தா மணலை வெறும் சட்டியில் வறுத்து, ஆறவைத்து, டின்னில் அடைத்து வைத்துக்கொண்டாள். கேக் பொன்னிறமாக எழும்பி வந்தது. அதற்குப் பிறகு அவளுக்குத் தோல்வி அபூர்வம். முதலில் உறவுக்காரர்களின் பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் கேக் செய்தாள். பிறகு நிச்சயதார்த்தத் தட்டுகளில் அவள் கேக்கும் ஒரு தட்டாகப் போக ஆரம்பித்தது. அரும்பாவூரிலிருந்துகூட ஆட்கள் வந்து கேக்குக்குச் சொல்லிவிட்டுப் போனார்கள். "பிள்ளை இல்லாத ரஷீதா" என்று அடையாளம் சொன்ன வாய்கள் "கேக் ரஷீதா" என்று சொல்லத் தொடங்கின. அது அவளுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். அவள் சொன்னதில்லை. ஆனால் யாராவது வாசலில் "கேக் ரஷீதா வூடு இதானே?" என்று கேட்டால், கை வேலையை விட்டுவிட்டு அவளே எழுந்து போவாள்.

அவள் முறையில் ஒரு கட்டாயம் இருந்தது. பானையை இடையில் திறக்கக் கூடாது. திறந்தால் குளிர் காற்று பட்டு நடுவில் அமுங்கிவிடும். கடிகாரத்தையும் நம்ப முடியாது. சிலிண்டர் தீரப்போகும் சமயத்தில் தீ மெலிந்திருக்கும், புது சிலிண்டரில் தீ துள்ளும். அதனால் லாத்தா மூக்கால்தான் கேக் செய்தாள். முதலில் முட்டை வாடை வரும், பிறகு வெண்ணெயும் சீனியும் சேர்ந்த மணம். கடைசியில் நெய்யில் ரவை சிவக்கும்போது வருமே, அந்த மணம் லேசாகத் தொடங்கும். அந்தத் தொடக்கத்தில் அடுப்பை அணைத்துவிட வேண்டும். கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருப்பாள். சட்டென்று கையை உதறிக்கொண்டு உள்ளே போவாள். எனக்கு அதன் பிறகுதான் மணம் தெரியும்.

2005 நோன்பின்போது அவளுக்குக் காய்ச்சலும் சளியும் வந்து விடாமல் படுத்தியது. தேறி எழுந்தாள். பெருநாள் காலையில் தொழுகைக்குக் கிளம்பும் பெண்கள் கூடத்தில் கூடியிருந்தபோது அவள் பக்கத்தில் நிற்க முடியவில்லை. அவ்வளவு அத்தர். மச்சான் அனுப்பிய பாட்டில், தொட்டுத் தடவினாலே தெரு முழுக்க வீசும். என்ன லாத்தா இது என்றேன். இந்தத் தடவை தண்ணி கலந்து விற்றிருக்கிறான் போல, வாசமே இல்லை, அதனால்தான் மறுபடி மறுபடி பூசினேன் என்றாள். சொல்லி முடிக்கும்போதே அவள் முகம் மாறியது. பாட்டிலை என் மூக்கருகே நீட்டி, "வருதா?" என்றாள். வருகிறது என்றேன்.

பெரம்பலூர் டாக்டர், காய்ச்சலில் நரம்பு கெட்டிருக்கும், திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார். நாக்குக்கு இனிப்பும் உப்பும் மட்டும் தெரிந்தன. பஸ்ஸில் திரும்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வூட்ல சொல்லாத, ஃபஹ்மி. தெரிஞ்சா அடுப்பாங்கரைக்கே விடமாட்டாங்க."

அவள் பயந்ததில் நியாயம் இருந்தது. முந்தைய வருடம்தான் எங்கள் தெருக்கோடியில் கேஸில் தீப்பிடித்து ஒரு பெண்ணுக்குக் கை வெந்துபோனது. அன்றிலிருந்து குக்கர் சீறினால்கூட மாமிக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஹுமாயூன் மச்சான் போனில் பேசும்போதெல்லாம், அடுப்படியில் என்ன வேலை இவ்வளவு நேரம், கேக்கையெல்லாம் கடையில் வாங்கட்டும் என்பார். ஒரு காரணம் கிடைத்தால் போதும்.

அதனால் நான் அவளுக்கு மூக்கானேன். பி.எட். தபாலில் படித்துக்கொண்டிருந்த காலம். புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அடுப்படி வாசலில் உட்கார்ந்துவிடுவேன். கேக் பதம் வந்ததும் இருமுவேன், அவள் அணைப்பாள். கேக் சுலபம். கேஸ்தான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. பால் பொங்கித் தீ அணைந்துபோய், அவள் முதுகைக் காட்டிக்கொண்டு மாவு சலித்தால்? அவளும் பயந்தாள். ஒவ்வொரு முறையும் அடுப்பையும் அணைத்து, ரெகுலேட்டரையும் மூடுவாள். மூடிவிட்டுத் திரும்ப வந்து தொட்டுப் பார்ப்பாள். யாராவது உள்ளே வந்து மூச்சிழுத்துப் பார்க்காமல் தீக்குச்சி உரசுவதில்லை என்று அவளே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள். அந்த 'யாராவது' நான்தான்.

அத்னான் ஷார்ஜாவை விட்டு வந்து, அரியலூரில் வேலை கிடைத்ததும் நாங்கள் அங்கே குடிபோவது என்று முடிவானது. எனக்கு உள்ளூரச் சந்தோஷம். அதைவிடப் பெரிதாகப் பயம். மாமியிடம் சொல்லிவிடுவோம் என்று லாத்தாவிடம் கெஞ்சினேன். அவள் வேறு வழி தேடினாள். அப்போது எங்கள் தெருவுக்குப் பாத்திரம் அடைக்க வரும் வைரக்கண்ணுவை நிறுத்தி, பானை மூடியை நீட்டி, நடுவில் ஒரு ஓட்டை போடச் சொன்னாள். அவர் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஓட்டைய அடைக்கத்தாம்மா எல்லாரும் கூப்புடுவாங்க. நல்ல மூடியில ஓட்ட போடச் சொல்ற மொத ஆளு நீங்கதான்."

"போடுங்கண்ணே. பிடிக்கலைன்னா அடைக்கவும் ஒங்களத்தான் கூப்புடுவேன்."

அந்த ஓட்டையைக் கோதுமை மாவு உருண்டையால் அடைத்து வைப்பாள். பதம் வந்திருக்கும் என்று தோன்றும்போது உருண்டையை எடுத்துவிட்டு, தென்னங்குச்சியை உள்ளே விட்டுப் பார்ப்பாள். குச்சி சுத்தமாக வந்தால் கேக் வெந்துவிட்டது. மூடியைத் திறக்க வேண்டியதில்லை, மணமும் தெரிய வேண்டியதில்லை. முதல் கேக் நன்றாக வந்ததும் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"இனிமே ஒன் மூக்கு எதுக்கு? நீ அரியலூருக்கே தூக்கிக்கிட்டுப் போ."

"கேஸுக்கும் குச்சி விட்டுப் பாப்பியா லாத்தா?"

அவள் மூடியைக் கழுவப் போய்விட்டாள்.

கிளம்புவதற்கு முதல் நாள், அவள் குளிக்கப் போயிருந்தபோது, மாமியிடம் சொல்லிவிட்டேன். அழுவார், கத்துவார், ஷார்ஜாவுக்குப் போன் போடச் சொல்வார் என்று நினைத்துத் தயாராகத்தான் போனேன். மாமி தஸ்பீஹ் மணியை உருட்டுவதை நிறுத்தவில்லை.

"எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க ரெண்டு பேரும்? அரிசி டின்னுக்குப் பின்னாடி எலி செத்து நாறுது, கொடலப் புடுங்குது. அது பக்கத்துல உக்காந்து அவ பாட்டுக்கு மாவு சலிக்கிறா. நான் என்னத்த நெனைக்கிறது?"

ஏன் கேட்கவில்லை என்றேன்.

"கேட்டா அழுவா. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அடுப்பத் தொடமாட்டா. அது ஒண்ணுதான அவளுக்கு இருக்கு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "மொழங்கால் வலி, சிமிட்டித் தரை குளுகுளுன்னு இருக்குன்னு நான்தான் அங்க போயி உக்காந்துக்கறேன்ல. நீ போயிட்டு வா. நான் பாத்துக்கறேன்."

மாமி சில மாதங்களாகவே அடுப்படித் தரையில் வந்து உட்காருவது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் வலி என்றே நம்பியிருந்தேன்.

அரியலூர் போன பிறகும் பயம் போகவில்லை. மாமிக்கு வயது எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. தொழப் போவார், பக்கத்து வீட்டுக்குப் போவார், உட்கார்ந்தபடியே கண்ணயர்வார். தினமும் சாயங்காலம் பூத்துக்குப் போய்ப் போன் செய்வேன். ரெகுலேட்டர் மூடியாயிற்றா என்பதுதான் முதல் கேள்வி.

"நல்லாருக்கியான்னு என்னைக் கேக்க மாட்ட" என்றாள் ஒருநாள். "கேஸ் நல்லாருக்கான்னுதான் கேப்ப. அது நல்லாருக்கு. ஒன்னயக் கேட்டுச்சு."

அதுதான் அவள் என்னிடம் கடைசியாகச் சொன்ன வேடிக்கை. அதற்குப் பிறகு பேசியதெல்லாம் சாதாரணப் பேச்சு. எனக்கு நினைவில்லை.

பெரம்பலூரில் இறங்கி ஊர் பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். எங்கள் ஊர்க்காரர்கள் யாராவது தென்பட்டால் கேட்கலாம் என்று தேடினேன். தென்பட்டபோது கேட்கத் தைரியம் வரவில்லை. உடையார்பாளையம் போகும் பஸ்ஸுக்கு முன்னால் நின்றிருந்த ஒருவரைத் தெரியும். அவர் என்னைப் பார்ப்பதற்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். தெரியாத வரைக்கும் அது நடக்காதது போல ஒரு நினைப்பு. அதே நேரம் மனது எல்லாவற்றையும் வரிசையாகக் காட்டியது. கரி பிடித்த சுவர், உருகிய டியூப், மாமியின் புடவை. மாமியும் உள்ளே இருந்திருந்தால்? சஃப்வான் மாமியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்று பஸ் கிளம்பிய பிறகுதான் தோன்றியது. அங்கிருந்து ஊர் வரும்வரை முன்சீட்டுக் கம்பியை விடாமல் பிடித்திருந்தேன்.

ஊரில் இறங்கியதும் முதலில் மூச்சை இழுத்துப் பார்த்தேன். எரிந்த வாடை இருக்கிறதா என்று. எங்கோ மீன் பொரிக்கிறார்கள். வேறொன்றும் தெரியவில்லை. தெருவில் திரும்பி எங்கள் வீட்டுக் கூரையைப் பார்த்தேன். ஓடுகள் ஓடுகளாகவே இருந்தன. அடுப்படி ஜன்னல் கதவு திறந்திருந்தது, கண்ணாடி உடையவில்லை. அப்போதும் நம்பவில்லை. கேஸை சுவாசித்தே இறந்துபோகிறவர்கள் உண்டு.

கூடம் நிறையப் பெண்கள். சாம்பிராணிப் புகை. வெள்ளைத் துணி போர்த்திப் படுக்க வைத்திருந்தார்கள். நான் துணியை விலக்கி முகத்தைப் பார்த்தேன், பிறகு இரண்டு கைகளையும் எடுத்துப் பார்த்தேன், உள்ளங்கை, புறங்கை, விரல்கள். காயமில்லை. என்னைச் சுற்றி இருந்தவர்களுக்கு நான் என்ன தேடுகிறேன் என்று புரிந்திருக்காது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த மாமிக்குப் புரிந்தது. என்னை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டு, காதோடு சொன்னார்.

"கேஸு இல்லடி. நெஞ்சு. அடுப்பே பத்த வைக்கல."

அதன் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

மாமி சொன்னது இவ்வளவுதான். சஃப்வான் மகளுக்கு மறுநாள் பிறந்தநாள். லாத்தா காலையில் எழுந்து கேக் வேலையைத் தொடங்கியிருக்கிறாள். மாமி முற்பகல் தொழுகைக்காக முற்றத்தில் கைகால் கழுவி ஒளு செய்துகொண்டிருந்திருக்கிறார். "மாமி, தொழுதுட்டு மெதுவா வாங்க, ஒண்ணும் அவசரமில்ல" என்று உள்ளிருந்து குரல் கொடுத்திருக்கிறாள். மாமி ஏன் அடுப்படியில் வந்து உட்காருகிறார் என்பது அவளுக்கு எத்தனை நாளாகத் தெரியும் என்று மாமிக்கும் தெரியவில்லை. தொழுது முடித்து உள்ளே போனபோது, சுவரில் தலை சாய்த்து உட்கார்ந்திருந்தாளாம். உடம்பெல்லாம் வேர்வை. நெஞ்சைப் பிசைகிறது என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். சஃப்வான் ஆட்டோ கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டது. சாகும்போது அவளுக்கு வயது நாற்பதுகூட ஆகவில்லை.

மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் செய்ய மையத்தாங்கொல்லைக்குக் கொண்டுபோனார்கள். ஹுமாயூன் மச்சானால் வந்து சேர முடியவில்லை. யாரோ போனை வாசலில் நீட்டிப் பிடித்திருந்தார்கள், ஆண்கள் தூக்கிக்கொண்டு போகும் கலிமா சத்தம் அவருக்குக் கேட்கட்டும் என்று. பிறகு என்னிடம் கொடுத்தார்கள். அவளுக்கு உடம்புக்கு ஏதாவது இருந்ததா, தன்னிடம் எதையாவது மறைத்தாளா என்று கேட்டார். அதை அன்றைக்கே சொல்வானேன் என்று நினைத்தேன். மாமியைப் பார்த்தேன். மாமி போனை வாங்கி, அவளுக்கு வாசனை தெரியாமல் போன கதையை மகனிடம் முழுதாகச் சொன்னார்.

கூட்டம் குறைந்ததும் அடுப்படிக்குள் போனேன். ரெகுலேட்டர் மூடியிருந்தது. டின்னில் காகிதம் விரித்து நெய் தடவியிருந்தாள். மைதாவைச் சலித்து ஒரு தாம்பாளத்தில் குவித்திருந்தாள். முட்டைகள் உடைக்கப்படாமல் கிண்ணத்தில் இருந்தன. பக்கத்தில் ஒரு தட்டில் டூட்டி ஃப்ரூட்டி. கேக்கின் அடியில் போய்த் தங்கிவிடாமல் இருக்க அதை மாவில் புரட்டி வைக்க வேண்டும். பாதியைப் புரட்டியிருந்தாள், மீதிப் பாதி சிவப்பாகவே கிடந்தது.